ஏலத்தோல் போட்ட தண்ணீர்

அந்தப் பிளாஸ்கில் இருந்தது பச்சைத்தண்ணீர் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அதை நிரப்பி மூடியைத் திருகியவள் நான். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் அக்கா வீட்டில் யாரும் வெறும் தண்ணீர் குடிப்பதில்லை. ஏலக்காயை உடைத்து விதை எடுத்தபின் மிஞ்சும் தோலை ஒரு பிடி போட்டுக் கொதிக்க வைப்பார்கள். லேசான மஞ்சளும் லேசான வாசனையுமாக இருக்கும். குளிருக்கு நல்லது என்பார்கள். அங்கே போன நான்கே நாளில் எனக்கும் அது பழகிவிட்டது.

தண்ணீரில் தோல் கிடந்தால் என்ன, கிடக்காவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் அப்பா முப்பத்திரண்டு வருடம் கோயில் பக்கம் போகாமல் இருந்ததே ஒரு கை தண்ணீரால்தான்.

அப்பா பெயர் சூசை. அந்தக் காலத்தில் மலைமேல் காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புப் பார்க்கிற வேலை. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அக்கா ஜெசிந்தாவுக்கு முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவளுக்கு மூன்று வயதாகும்போது தம்பி ஒருவன் பிறந்தான். செவ்வாய்க்கிழமை பிறந்தவன் புதன்கிழமை இறந்துபோனான். அப்பா அவனைத் துண்டில் சுற்றி ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்தார். சாமியார் வெளியூர் போயிருந்தார். அவர் இல்லாதபோது கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார்தான் வந்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. அப்படியானால் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க முடியாது, சுவருக்கு வெளியேதான் என்று சொல்லிவிட்டார்.

அப்பா வெளியே குழி தோண்டிப் புதைத்தார். அதோடு விட்டிருந்தால்கூட அப்பாவின் மனசு ஆறியிருக்கும். கிளம்பும்போது அந்த மனிதர் இரக்கப்பட்டு இன்னொன்றும் சொன்னார்.

"ஆபத்துன்னா சாமியார்தான் வரணும்னு இல்லையேப்பா. யாரு வேணும்னாலும் தலையில தண்ணிய ஊத்தி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அந்தக் குழந்தை ஒரு பகலும் ஓர் இரவும் உயிரோடு இருந்தது. வீட்டில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. இதை நினைத்து நினைத்தே அவர் கோயில் படி மிதிப்பதை விட்டார். மூன்று வருடம் கழித்துப் பிறந்த எனக்கு ஞானஸ்நானமும் இல்லை, புனிதர் பெயரும் இல்லை. கார்முகில் என்று வைத்தார். மலையிலிருந்து இறங்கி போடியிலேயே ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார்.

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. ஆனால் ஒரு மறைக்கல்விப் புத்தகம் இருந்தது. கோயிலை விட்ட பிறகு அப்பா தேடி வாங்கியது. பிறரெல்லாம் பக்திக்குப் படிப்பார்கள், அவர் சண்டைக்குப் படித்தார். ஞானஸ்நானத்தைப் பற்றிய பக்கங்களில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பார். அந்த விஷயத்தில் எந்தச் சாமியாரையும் மடக்கிவிடுவார், ஆனால் எந்தச் சாமியாரிடமும் பேசமாட்டார். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார்.

"எந்தச் சாமிகிட்ட வேணும்னாலும் போ. ஆனா உனக்கு நம்பிக்கை இல்லாத சாமியை நம்புறேன்னு சொல்லாத. அது ஒண்ணுதான் பொய்யி."

நான் போனேன். போவதற்குத் தடை இல்லாத வீட்டில் வேறென்ன செய்ய. முத்துப்பிரியா என்று எனக்கு ஒரு சிநேகிதி. மூன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா திட்டமாட்டார். "என்ன கேட்ட?" என்பார். கணக்கில் பாஸ் ஆகணும் என்று கேட்டேன் என்பேன். "கிடைச்சாச் சொல்லு," என்பார். கிடைக்கவில்லை.

காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவோடு பள்ளிவாசல் வாசலில் செம்பில் தண்ணீரோடு நிற்பேன். தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி அதில் ஊதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல் விட்டது, அது மாத்திரையாலா ஊதலாலா என்று இன்றுவரை தெரியாது. கல்லூரி விடுதியில் அறைத்தோழியோடு சேர்ந்து பதினொரு நாள் நோன்பு இருந்தேன். பன்னிரண்டாம் நாள் கேன்டீனில் பூரி போட்டார்கள். சிலமலையில் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு டிரம்ஸ் சத்தத்துக்காகவே ஒரு வருடம் போனேன். எல்லோரும் கண்ணை மூடி அழும்போது நான் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து யார் யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நாள் பேசாமல் உட்காரும் தியான வகுப்புக்கும் போனேன். ஆறாம் நாள் எனக்குள் தெரிந்தது புரோட்டாவும் சால்னாவும்.

கேலிக்காகச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று இருந்தது. எனக்குத்தான் அதற்குள் முழுசாகப் போகத் தெரியவில்லை. இப்போது நான் போடியில் ஏலக்காய் ஏல மையத்தில் வேலை பார்க்கிறேன். வியாபாரிகள் தட்டிலிருந்து நாலு காயை எடுத்து நசுக்கி, கடித்து, துப்பிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார்கள். சாமி விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். நான் தொட்டுப் பார்க்காத ஒரே தட்டு எங்கள் சொந்தக் கோயில்தான். அங்கே போனால் அப்பாவுக்குத் துரோகம் செய்வதாக எனக்கு ஓர் எண்ணம்.

அக்கா அப்படி இல்லை. இருபது வயதில் தானாகவே கோயிலுக்குத் திரும்பிப் போனாள். அம்மாவும் கண்டும் காணாமல் இருந்துகொண்டாள். அக்கா கட்டிக்கொண்ட அருள்பாண்டி மச்சானும் கோயில்காரர்தான், எஸ்டேட்டில் ஸ்டோர் பொறுப்பு. கல்யாணத்துக்கு அப்பா மண்டபத்துக்கு வந்தார், பூசைக்கு வரவில்லை. ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, போன வருடம் அக்கா உண்டானாள். ஏழாம் மாதத்தில் கால் வீங்குகிறது என்றாள். நான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு வலி வந்துவிட்டது. ஜூலை மாத மழை. மச்சான் ஜீப்பை எடுத்தார். நான் பின்னால் அக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டேன். போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்கும்போதே பனிக்குடம் உடைந்தது. எத்தனையாவது வளைவு என்று எண்ணுகிற நிலையில் நான் இல்லை, குழந்தை ஜீப்பிலேயே வந்துவிட்டது. பெண் குழந்தை. அக்காவின் கால்பக்கம் நகர்ந்து ஏந்தினேன், என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"மச்சான், நிறுத்தாதீங்க," என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

அக்காவால் தலையைத் தூக்க முடியவில்லை. உதடு வெளுத்துப்போயிருந்தது. "முகிலு, பிள்ளைக்குத் தண்ணி ஊத்துடி," என்றாள்.

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன்.

"வெரசா ஊத்து. என் பிள்ளை வெளிய கிடக்கக் கூடாது."

"நானே ஞானஸ்நானம் வாங்காதவக்கா."

"யாரு வேணும்னாலும் ஊத்தலாம். அப்பா சொல்லிச் சொல்லித்தானே நம்ம வளந்தோம். நான் சொல்றேன், நீ அப்படியே சொல்லு. பேரு அமலி."

கையருகில் இருந்தது அந்தப் பிளாஸ்க். பல்லால் மூடியைக் கடித்துத் திறந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தைக்குக் குளிராது என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறெதுவும் தோன்றவில்லை. அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். அமலி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன். மூன்று தடவை அந்தச் சின்னத் தலையில் ஊற்றினேன். தண்ணீர் என் விரல் வழியாக இறங்கி அக்கா சேலையில் விழுந்தது.

எத்தனையோ இடத்தில் கைகூப்பியிருக்கிறேன், எங்கேயும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அந்த ஜீப்பில் என்னால் அப்படி நிற்க முடியவில்லை. யார் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தண்ணீர் செல்ல வேண்டும், இவள் உள்ளே போக வேண்டும் என்று நான் வேண்டியதுபோல வாழ்க்கையில் எதையும் வேண்டியதில்லை.

அடிவாரத்தில் முந்தல் கிராமம் வருவதற்கு முன்பே குழந்தை வாயை மூடிவிட்டது. பிறகு திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகுதான் என் கையில் ஏலவாசனை அடிப்பது எனக்கு உறைத்தது. வழி முழுக்க ஜீப்பின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாயை விலக்கிக் கையை நீட்டியிருந்தால் சுத்தமான மழைத்தண்ணீர் கை நிறையக் கிடைத்திருக்கும். நான் நீட்டவில்லை. மலைக்காரர்கள் தண்ணீர் என்று சொல்வதை நானும் தண்ணீர் என்று எடுத்துவிட்டேன்.

மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா நேராக அக்காவிடம் போனாள். அப்பா என்னை வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"ஊத்துனியா ஆத்தா?"

"ஊத்துனேன்."

"வார்த்தையெல்லாம் சொன்னியா?"

"அக்கா சொல்லச் சொல்லச் சொன்னேன்."

"எந்தத் தண்ணி?"

அவரிடம் எனக்குப் பொய் வராது. "பிளாஸ்குத் தண்ணிப்பா. ஏலத்தோல் போட்டது."

அவர் சுவரில் சாய்ந்தார். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மனசுக்குள் புரட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "வெறும் தண்ணியா இருக்கணும். சாறு, கசாயம் எதுவும் செல்லாது," என்றார். "தோல் போட்டது தண்ணியா கசாயமான்னு கேட்டா, ரெண்டு பக்கமும் பேசலாம். சந்தேகம்னு வந்தா அந்தாளுக என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

உள்ளே அக்கா அம்மாவிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்பது வராந்தாவில் கேட்டது. பிள்ளையை உள்ளேதானே வைப்பார்கள், தங்கச்சி ஊற்றினாளே, உள்ளேதானே.

அப்பா என் தோளில் கை வைத்தார். "ஊத்துறப்ப மனசோட ஊத்துனியா? இல்ல, அக்கா சொல்றான்னு ஊத்துனியா?"

"மனசோடதான்பா."

"அப்ப நாளைக்குச் சாமியார் கேட்டா பச்சத்தண்ணின்னு சொல்லு."

நான் அவரையே பார்த்தேன். நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லாதே என்று வளர்த்த மனிதர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னொண்ணு வெளிய போகக் கூடாது," என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மச்சான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிநேகிதர் ஒருவர் வண்டி ஓட்டினார். வழி முழுக்க நான் அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பச்சத்தண்ணி, குழாய்த்தண்ணி, வீட்டிலிருந்து பிடித்து வந்தது.

சாமியார் இரும்புக் கேட்டில் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே வாதாமரத்தடியில் குழி தோண்டித் தயாராக இருந்தது. அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். சாமியார் பெட்டிமேல் கையை வைத்து, "பேரு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். அமலி என்றார் மச்சான். "உள்ள கொண்டாங்க," என்று திரும்பி நடந்தார்.

அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எனக்கோ தயாரித்து வைத்த பொய் வாயில் நின்றது.

"பச்சத்தண்ணிதான் ஊத்துனேன் சாமி," என்றேன். கேட்காமலே சொன்னேன், அதுவும் சத்தமாக. "வார்த்தையெல்லாம் சரியாச் சொன்னேன்."

அவர் நின்றார். "நல்ல காரியம் செஞ்சீங்கம்மா," என்றார். "ஆனா அதுக்காகப் பயப்பட வேண்டாம். நீங்க ஊத்தாம இருந்திருந்தாலும் பிள்ளையை உள்ளதான் வச்சிருப்போம்."

"என்ன சொன்னீங்க?"

கேட்டது அப்பா. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் சாமியார் காதில் ஏதோ சொன்னார், மாமனார் என்றோ பழைய கதை என்றோ. சாமியார் அப்பாவை நோக்கி நடந்து வந்தார்.

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளையும் இப்ப உள்ளதான் அடக்கம் பண்றோம் அப்பா. செபமும் சொல்றோம். வெளிய வைக்கிற வழக்கமெல்லாம் இப்ப இல்ல."

"எப்பருந்து இல்ல?"

"ரொம்ப வருசம் ஆச்சு. நான் குருமடத்துக்குப் போறதுக்கு முந்தியே."

அப்பா தலையை ஆட்டினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் இங்கருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கேன் சாமி. வீடு மாறலை. எல்லாருக்கும் என்னைத் தெரியும். வெளியேன்னு சொல்றதுக்கு அன்னைக்கு ஒரு ஆளு வந்தாரு. மாத்திட்டோம்னு சொல்றதுக்கு ஒருத்தரு வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கணும்," என்றார் சாமியார்.

"பிள்ளையை அடக்கம் பண்ணுங்க. மொதல்ல அதுதான் சோலி," என்றார் அப்பா.

அமலியை அடக்கம் செய்தோம். சாமியார் செபம் சொன்னார், மச்சான் சத்தமில்லாமல் அழுதார். மண் போடும் நேரத்தில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு பிடி மண் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

முடிந்த பிறகு சாமியார் புனித நீரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார். "அப்பா, அந்த இடத்தைக் காட்டுங்க," என்றார்.

அப்பா முன்னே நடந்தார். சுவரின் பின்பக்கம் முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. ஆனால் அதற்குள் ஓர் ஒற்றையடித் தடம் இருந்தது. ஒரு சின்ன இடம் மட்டும் முள் வெட்டிச் சுத்தமாக இருந்தது. அதைச் சுத்தம் செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடமும் அவர் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று போனது எங்கே என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாமியார் தெளிக்கக் கையை எடுத்தார். அப்பா தடுத்தார்.

"கோவத்துல சொல்லலை சாமி. நீங்க வேண்டாம். இவ ஊத்தட்டும்."

சாமியார் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"அப்பா, செத்தவங்களுக்கு ஊத்துனாச் செல்லாதே," என்றேன். அவர் கோடு போட்ட பக்கங்களை நானும் படித்திருக்கிறேன்.

"செல்லாது. எனக்குத் தெரியும். நீ ஊத்து."

குழி வெட்டியவர் கைகழுவ வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தேன். குனிந்து உட்கார்ந்தேன். வார்த்தைகள் தெரியும், ஆனால் முதல் வார்த்தை தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவனைப் பையன் என்றுதான் சொல்வார்கள்.

"பேரு சொல்லணும்பா."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"இன்னாசி," என்றார். சொன்னதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

இன்னாசி என்று ஆரம்பித்து எல்லா வார்த்தையையும் சொல்லி, மூன்று தடவை மண்ணில் ஊற்றினேன். செல்லாத அந்தத் தண்ணீருக்குச் சாமியார் ஆமென் சொன்னார்.